தண்டவாளம் போட்டு வெளையாடுறதை சின்னப்புள்ளத்தனம்னு எழுதாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு மதுரை கூடல்நகர்ல இருந்து வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல கம்ப்யூட்டர்ல ரயில் ஓட்டுற கேம் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. எங்க வீட்ல நான், எங்கப்பா, என் மகன் மூணு பேரும் ஒரே பேப்பரை மாத்தி மாத்தி வாங்கி படிச்சோம், இந்த விஷயத்தையெல்லாம் ஒரு தமிழ் பேப்பர் எழுதுதேன்னு ரொம்ப சந்தோஷம். ஆனா கடைசி பாராவுல ஒண்ணு எழுதியிருக்கீங்க, கேபின்ல உக்காந்து நிஜம் மாதிரி ஓட்டுறதுதான் சிமுலேட்டர், தண்டவாளம் போட்டு மரம் வச்சு ரயிலை சுத்த விட்டு மேல இருந்து பாக்குறதெல்லாம் பொம்மை ரயில் வெளையாட்டு, அது சின்னப்புள்ளைகளுக்குன்னு. அந்த வரி எனக்கு ஒரு வாரமா உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன்.

நான் சிம்மக்கல் பக்கம் டிடிபி கடை வச்சிருக்கேன். எங்கப்பா 1981ல மீட்டர் கேஜ் ஸ்டீம் இன்ஜின் ஷெட்ல கிளீனரா சேந்து, பயர்மேன், டீசல் அசிஸ்டென்ட், ஷண்டர், கூட்ஸ் டிரைவர், பாசஞ்சர், அப்புறம் மெயில் எக்ஸ்பிரஸ்னு ஒவ்வொரு படியா ஏறி 2017ல ரிட்டயர் ஆனவரு. என் மகன் பத்தாவது படிக்கிறான், அவனுக்கு ரயில்னா சோறு வேண்டாம். அதனால நிஜ ரயிலு, கேம் ரயிலு ரெண்டு பக்கமும் எங்க வீட்ல தினமும் பேச்சுதான்.

முதல்ல நிஜம் பத்தி சொல்லிடுறேன், ஏன்னா அது வேணாம்னு சொல்ல நான் வரல. கேபின்ல உக்கார வைக்கிற கேம்னா அது நிஜமாதான் இருக்கணும், அதுல எங்கப்பாவும் நானும் ஒரே கட்சி. ஆனா எது நிஜம்ங்கிறதுலதான் சண்டையே. ரெண்டு வருஷம் முன்னாடி மகன் போன்ல ஒரு ரயில் கேம் ஏத்தி தாத்தாகிட்ட ஆசையா கொண்டு போய் குடுத்தான். படம்னா படம் அப்பிடி ஒரு படம், பெட்டியில தூசி கூட தெரியுது, ஸ்டேஷன்ல வடை விக்கிறவர் கூட நிக்கிறாரு. எங்கப்பா கொஞ்ச நேரம் ஓட்டுனாரு. 110ல வந்த வண்டிய பிளாட்பாரத்துக்குள்ள நுழைஞ்சப்புறம் பிரேக்கை அமுக்குனா அது ஆட்டோ மாதிரி டக்குன்னு நின்னுருச்சு. போனை கீழ வச்சிட்டு, "வண்டிக்கு வெயிட்டே இல்லையேடா"ன்னாரு. அதோட சரி, அப்புறம் அதை தொடவே இல்ல.

அவரு சொல்றது எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னைக்கு ராத்திரி அவரே உக்காந்து விளக்கி சொன்னப்பதான் எனக்கே புரிஞ்சுது, இத்தனைக்கும் ரயில்வே காலனியில வளந்தவ நான். ஏர் பிரேக் வண்டியில பிரேக் பைப்புல 5 கிலோ பிரஷர் நின்னாதான் பிரேக் விட்டிருக்கும், டிரைவர் ஏ 9ங்கிற பிரேக் ஹேண்டிலை இழுத்தா அந்த காத்து குறையும், குறைஞ்சாதான் பிரேக் பிடிக்கும். இந்த குறையுறது இன்ஜின்ல இருந்து பின்னாடி ஒவ்வொரு பெட்டியா போகணும். 58 வேகன் லோடு கூட்ஸ்னா முன்னாடி வேகன் பிடிச்சிருக்கும், கடைசி வேகனுக்கு இன்னும் சேதியே போயிருக்காது, அந்த இடைவெளியில பின்வண்டி முன்வண்டிய தள்ளும். பயந்துபோய் பிரேக்கை விட்டு விட்டு மறுபடி மறுபடி போட்டா காத்து திரும்ப நிரம்ப நேரம் பத்தாது, கடைசில வேணுங்கிறப்ப பிரேக்கே இருக்காது. லோடு கூட்ஸ் வேகத்துல வந்தா நிக்கிறதுக்கு ஒரு கிலோமீட்டர் கூட பத்தாம போகும். அதுக்காகத்தான் மெயின் லைன்ல ஸ்டேஷனுக்குள்ள நுழைய விடுற ஹோம் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடி ஒண்ணு, ரெண்டு கிலோமீட்டர் முன்னாடி ஒண்ணுன்னு முன்கூட்டியே எச்சரிக்கிற டிஸ்டன்ட் சிக்னல் நட்டு வச்சிருக்காய்ங்க. டபுள் எல்லோ, எல்லோ, ரெட்டுன்னு கலரு மாறுறது அழகுக்கு இல்ல, அந்த காத்து பின்னாடி போய் சேர்ற நேரத்துக்கு. பிரேக்கு பொய்யா இருந்தா சிக்னலும் பொய்யாப் போச்சு, சிக்னல் பொய்யானா டைம்டேபிளும் பொய்தானே, அப்புறம் வடை விக்கிறவர் எவ்வளவு தத்ரூபமா நின்னு என்ன பிரயோஜனம்?

ஜப்பான்காரங்க 1990கள்லயே டென்ஷா டி கோன்னு ஒரு கேம் விட்டாங்க. கடைகள்ல காசு போட்டு ஆடுற மெஷின்ல, வேகத்தை படிப்படியா கூட்டுற நாட்ச் கைப்பிடி ஒண்ணு, பிரேக் கைப்பிடி ஒண்ணு அவ்வளவுதான். படம் இன்னைக்கு பாத்தா பெட்டி பெட்டியா சாதாரணமா இருக்கும். ஆனா சொன்ன நேரத்துக்கு போகணும், பிளாட்பாரத்துல குறிச்ச இடத்துல நிப்பாட்டணும், தள்ளி நின்னா மார்க்கு போச்சு. வேலையில இருக்குறப்ப எங்கப்பாவ ராத்திரி தூங்க விடாம பண்ணினதும் அதே ரெண்டு விஷயம்தான். அதனால பளபளன்னு படம் காட்டுறதை நிஜம்னு எழுதாதீங்கன்னு தாழ்மையா கேட்டுக்கிறேன்.

இப்ப நீங்க பொம்மைன்னு சொன்ன பக்கத்துக்கு வர்றேன்.

எங்க காலனியில நவராத்திரிக்கு ஒரு அம்மா கொலு வைப்பாங்க. ஒம்பது படியும் கும்பிட்டுட்டு போறவங்க எல்லாம் கடைசில நிக்கிற இடம் கீழ தரையில போட்ட பார்க்குலதான். மணலைக் கொட்டி மலை, கேப்பை தூவி முளைக்க விட்ட புல்லு, கண்ணாடித் துண்டுல குளம், அதை சுத்தி தமுக்கம் பொருட்காட்சியில வாங்குன சாவி ரயிலு. அந்த ரயிலு போற வளைவுல உலகத்துல எந்த ரயிலும் போக முடியாது. வெளிநாட்டுல வீட்டுக்குள்ள பெருசா செட்டு போடுறவங்க மாடலும் அப்பிடித்தான், 87ல ஒரு பங்கு சைஸ்ல செய்யுற மாடல்ல 36 சென்டிமீட்டர் ஆரத்துல கூட வளைவு இருக்கு, அதை நிஜ அளவுக்கு பெருக்கிப் பாத்தா 31 மீட்டர்தான் வருது. நம்ம பிராட் கேஜ்ல 175 மீட்டருக்கு கீழ வளைக்கவே கூடாது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தூரத்தை சுருக்குவாங்க, 20 பெட்டி ஓடுற வண்டிக்கு ஆறு பெட்டி போடுவாங்க. கணக்குப்படி எல்லாமே தப்பு. ஆனா ஸ்டேஷன்ல வண்டி ஒதுங்குற ஒரு லூப் லைன்ல இருந்து இன்னொரு லூப்புக்கு மூணு வேகனை மாத்தணும்னா, தண்டவாளம் பிரியுற பாயின்ட்ஸ்ல எதை முதல்ல மாத்தணும், இன்ஜின் எந்தப் பக்கம் சுத்தி வரணும், நடுவுல பாசஞ்சர் வந்தா எங்க ஒதுங்கணும்ங்கிற புத்தி இருக்கே, அது துளி கூட பொய் இல்ல. அதுவும் ரயில்வேதான். ஸ்டேஷன் மாஸ்டரும் யார்டு மாஸ்டரும் ஷண்டிங் ஆளுகளும் பாக்குற ரயில்வே, டிரைவர் கண்ணுக்கு தெரியாத ரயில்வே.

கம்ப்யூட்டர்லயும் இந்த ரெண்டு வழிக்கும் பேர் சொல்ற ஒவ்வொரு கேம் ஒரே வருஷத்துல வந்துச்சு. 2001ல மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டர் வந்துச்சு, ஆறு ரூட்டு, ஸ்டீம், டீசல், எலக்ட்ரிக் மூணும், கேபின்ல உக்காந்து ஓட்டுறது. அதே வருஷம் ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் ஊர்க்காரங்க ட்ரெயின்ஸ்னு ஒண்ணு விட்டாங்க, அது ஆரம்பத்துல இருந்தே மாடல் ரயில்வேக்காரங்களை மனசுல வச்சு செஞ்சது. அதுல ரெண்டு விதமா ஓட்டலாம். கேப் மோடுன்னா நாட்ச், பிரேக் எல்லாம் நிஜம் மாதிரி. டிசிசி மோடுன்னா மாடல் ரயில் கன்ட்ரோலர் மாதிரியே ஒரு திருகு, வலது பக்கம் திருகுனா முன்னாடி போகும் இடது பக்கம் திருகுனா பின்னாடி வரும். ஒரே டப்பாவுல ரெண்டையும் வச்சு எது வேணுமோ எடுத்துக்கோன்னு சொன்ன அந்த நேர்மை எனக்கு ரொம்ப பிடிக்கும். அப்புறம் 2017ல ட்ரெயின் சிம் வேர்ல்டு வந்தப்ப கேபினுக்குள்ள எழுந்து நடக்கலாம், ஒவ்வொரு சுவிட்சா தட்டலாம், எல்லாம் சரி, ஆனா நாமளா ஒரு அடி தண்டவாளம் போட முடியாது, வாங்குன ரூட்டுல ஓட்டுறதோட சரி. அதுக்கு எடிட்டர் வர பல வருஷம் ஆச்சு.

எங்க வீட்ல அந்த ட்ரெயின்ஸ் கேமை போட்டப்ப நடந்ததை சொன்னாதான் நான் சொல்ல வர்றது உங்களுக்கு புரியும். மகன் நேரா கேப் மோடுக்கு போயிட்டான், எதிர்பாத்ததுதான். 36 வருஷம் இன்ஜின்ல இருந்தவரு அதைத்தான் எடுப்பாருன்னு நானும் அவனும் சேரை எல்லாம் சரி பண்ணி வச்சோம். அவரு அந்த திருகை எடுத்தாரு. கேமராவை மேல தூக்கி வச்சிக்கிட்டு ஒரு பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்னு ஒரு பாசஞ்சரை அந்த பாலத்து மேல போக விட்டாரு, திரும்ப வர விட்டாரு, திரும்ப போக விட்டாரு. அரை மணி நேரம் இதேதான். ஏன் தாத்தா உள்ள போய் ஓட்டலன்னு பய கேட்டதுக்கு, "நான் ஓட்டுன வண்டி எதையும் நான் வெளிய நின்னு பாத்ததே இல்லடா, வைகைப் பாலத்துல எத்தனை தடவ போயிருப்பேன், சிக்னலை பாக்கவா பாலத்தை பாக்கவா"ன்னாரு. நான் அடுப்படிக்குள்ள போயிட்டேன் ஐயா, அங்க நிக்க முடியல. இதையா நீங்க சின்னப்புள்ள வெளையாட்டுன்னு எழுதுனீங்க?

இன்னொரு காரணமும் இருக்கு, அதை நம்ம மதுரைப் பக்கத்துக்காரங்க எல்லாரும் யோசிக்கணும். மதுரை போடி லைன் 90 கிலோமீட்டர், 2010 கடைசியோட மீட்டர் கேஜ் வண்டிய நிப்பாட்டுனாங்க. 2022 மே மாசம் தேனி வரைக்கும், 2023 ஜூன்ல போடி வரைக்கும் பிராட் கேஜ் வந்துருச்சு, அது வேணும்தான், போடியில இருந்து சென்னைக்கு நேரா வண்டி போகுது, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா அந்த பழைய லைனு, உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய்ல மெதுவா ஏறுற அந்த சின்ன வண்டி, ஜன்னல்ல கைய நீட்டுனா செடி உரசுற மாதிரி போகுமே, அது போச்சு. இனிமே எங்கயும் ஓடாது. காசு குடுத்து வாங்குற எந்த கம்பெனி ரூட்லயும் அது வராது, அவங்களுக்கு வெளிநாட்டு 1435 மில்லிமீட்டர் அகல தண்டவாளம்தான் பெரும்பாலும், நம்ம 1000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜை யாரு சீண்டுவா? அதை திரும்ப ஓட்டணும்னா யாராவது ஒருத்தர் உக்காந்து ஒவ்வொரு அடியா தண்டவாளம் போட்டாதான் உண்டு. மைக்ரோசாஃப்ட் கேம்ல இந்திய ரூட்டு ஒண்ணு கூட இல்லாதப்ப நம்ம நாட்டு ரசிகர்களே உக்காந்து டபிள்யூடிஎம் 2ங்கிற நம்ம டீசல் இன்ஜின், பெட்டி, ரூட்டுன்னு செஞ்சு இலவசமா குடுத்தாங்க, மைக்ரோசாஃப்ட் அதோட ரெண்டாவது பாகத்தை ஆரம்பிச்சு கைவிட்டப்புறமும் ஓப்பன் ரெயில்ஸ்னு ரசிகர்கள் செஞ்ச இலவச சாஃப்ட்வேர்ல அந்த ரூட்டெல்லாம் இன்னைக்கும் ஓடுது. அவ்வளவையும் செஞ்சது தண்டவாளம் போட்டு மரம் நடுற ஆளுகதான்.

நானும் மகனும் அந்த போடி லைனை இப்ப போட்டுக்கிட்டு இருக்கோம். மதியம் கடையில கூட்டம் இல்லாத நேரம் நான், ராத்திரி ஹோம்வொர்க் முடிச்சப்புறம் அவன். 87ல ஒரு பங்குக்கு மாடலா செஞ்சா கூட 90 கிலோமீட்டர் லைனுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல இடம் வேணும், கம்ப்யூட்டர்ல மட்டும்தான் அது முழுசா அடங்கும். மலை மேடு பள்ளத்துக்கு 2000ல நாசா ஷட்டில்ல ராடார் வச்சு எடுத்த உயர அளவு இலவசமா கிடைக்குது, அதை ஏத்துனா நாகமலை தன்னால எந்திரிச்சு நிக்குது, அதை முதல் தடவ ஸ்கிரீன்ல பாத்தப்ப நாங்க ரெண்டு பேரும் கத்திட்டோம். மீட்டர் கேஜ் டீசலான ஒய்டிஎம் 4 இன்ஜின் சத்தம் எப்பிடின்னு எங்கப்பா பக்கத்துல உக்காந்து வாயாலயே போட்டு காட்டுறாரு. சிங்கிள் லைன்ல ஓடுற வண்டிய நிப்பாட்டாம அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போக அனுமதியான டோக்கனை பிரம்பு வளையத்தோட கையில மாட்டி வாங்குறதை அவரு சொல்லும்போது, பயலுக்கு கேபின் பக்கமும் தரைப் பக்கமும் ஒண்ணா புரியுது. லைனு முடிஞ்சதும் அவன் கேப் மோடுல வேக்குவம் பிரேக்கோட முழு நிஜமா ஓட்டுவான், தாத்தா கணவாய் மேல நின்னு பாப்பாரு, ரெண்டும் ஒரே தண்டவாளத்துலதான்.

ஐயா, மறுப்பு எல்லாம் போட வேணாம். எனக்கு ஒரு உதவி பண்ணுங்க போதும். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி பக்கம் உங்க வாசகர்கள் நிறைய பேர் இருப்பாங்க. 2010க்கு முன்னாடி அந்த ஸ்டேஷன்கள்ல எடுத்த கல்யாண பயண போட்டோவோ, லீவுக்கு ஊருக்கு போறப்ப எடுத்ததோ, ஆளுக்கு பின்னாடி ஸ்டேஷன் கொஞ்சம் தெரிஞ்சா போதும், அதை உங்க அலுவலகத்துக்கு அனுப்ப சொல்லி ஒரு சின்ன கட்டம் போட்டு கேளுங்க. ஆண்டிபட்டி ஸ்டேஷன் முன்பக்கம் எங்கப்பாவுக்கு நல்லா ஞாபகம் இருக்கு, கட்டடத்தோட பின்பக்கம் சுவரு என்ன கலரு, தண்ணித் தொட்டி எந்த மூலையில இருந்துச்சுன்னு மட்டும் அவருக்கு சொல்ல தெரியல, அந்த இடத்தை நாங்க இன்னும் காலியாத்தான் விட்டு வச்சிருக்கோம்.

இப்படிக்கு,
உங்க பேப்பரை இருபது வருஷமா வாங்குற வாசகி,
கூடல்நகர், மதுரை.