கிழமைத் தவணையை நிறுத்துங்கள்: வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

வன்னியில் நுண்கடன் வழங்கும் நிறுவனங்களுக்கும் அவற்றை மேற்பார்வை செய்யும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

எங்கள் பெண்களிடம் கிழமைக்குக் கிழமை தவணை கேட்பதை நிறுத்துங்கள். போகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

ஐப்பசி மழையோடு விதைத்தால் காசு கைக்கு வருவது மாசி, பங்குனியில். கோடையில் செய்யும் சிறுபோகம் எல்லோருக்கும் கிடைக்காது. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, கூட்டம் போட்டுத்தான் எத்தனை ஏக்கர் என்று முடிவாகும். முல்லைத்தீவுக் கரையில் கணக்கு வேறு. வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். இந்த வருமானத்தில் கிழமைதோறும் எங்கிருந்து கட்டுவது? தோடு அடகுக்குப் போகிறது. பிறகு ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன்.

"அரிவு வெட்டினாப் பிறகு தாறன்" என்று சொன்னால், அதை நம்பிக் கைமாற்றுக் கொடுத்த ஊர் இது. குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதனால் இப்போது லோன்காரர் வரும் நாளில் அயலவர்களே வாசலில் வந்து நின்று சத்தம் போடுகிறார்கள். போரில் கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்துகிற பெண்ணுக்கு அயல்தான் துணை. அந்தத் துணையையும் உங்கள் தவணை அட்டை பறித்துவிட்டது.

நாட்கணக்கை மேலிருந்து மாற்றி மனித உறவைக் குலைத்தது புதிதல்ல. 1929இல் சோவியத் ஒன்றியம், தொழிற்சாலைகள் நிற்காமல் ஓட வேண்டும் என்று ஐந்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தது. தொழிலாளரைப் பிரிவு பிரித்து வெவ்வேறு ஓய்வு நாள் கொடுத்ததால், கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு இன்னொரு நாள் என்றானது. கடைசியில் 1940இல் ஏழு நாள் வாரத்துக்கே திரும்பினார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் பத்து நாள் வாரமும் நிலைக்கவில்லை.

எங்களுக்கும் ஒரு அனுபவம் உண்டு. 1996இல் மின்சாரத்தைச் சேமிக்கக் கொழும்பு மணிக்கூட்டை முன்னே தள்ளியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அதை ஏற்கவில்லை. 2006இல் பழைய நேரம் திரும்பும்வரை சோதனைச்சாவடி இருந்த ஓமந்தைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முதலில் சில மாதம் ஒரு மணித்தியாலம், பிறகு அரை மணித்தியாலம் வித்தியாசம். சரி, அதைச் சமாளித்தோம், முள்ளைத் திருப்பினால் போதும். நெல் அப்படி விளையாது.

ஒவ்வொரு கிராமத்திலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு இருந்து தவணைகளை எழுதுங்கள். வயல் செய்பவர் அறுவடைக்குப் பிறகு கட்டட்டும், கடற்றொழில் குடும்பம் வாடை கழிந்து கட்டட்டும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு மழை மாதங்களில் தவணை வேண்டாம். ஒருத்திக்காக இன்னொருத்தியைப் பிடிக்கும் நிபந்தனையை எடுத்துவிடுங்கள். கூட்டத்தை ஆவணிக்குள் வையுங்கள். விதைப்புத் தொடங்கினால் ஒருவரும் வரமாட்டார்கள்.