மூட்டையில் எண் குறைந்தது ஏன்?

அன்புள்ள பண்ணையாளர்களுக்கு,

இந்த மாதத்து மீன் தீவன மூட்டையைப் பார்த்துவிட்டு, "செரிமானப் புரதம் போன தடவையைவிடக் குறைவாகப் போட்டிருக்கிறதே, சரக்கை மாற்றிவிட்டீர்களா?" என்று பலர் கேட்டீர்கள். சரக்கு அதேதான். அளக்கும் முறையைத்தான் மாற்றினோம்.

மூட்டையில் வழக்கமாக இருக்கும் 'மொத்தப் புரதம்' என்பது நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிய எண். கோழி இறகை அரைத்துப் போட்டாலும் அந்த எண் ஏறும். மீனுக்கு அதில் எவ்வளவு சேருகிறது என்பது வேறு கதை. அப்படிச் சேருவதுதான் செரிமானப் புரதம். அதற்காகத்தான் செரிமானச் சோதனை.

மாடு என்றால் தின்றதையும் சாணத்தையும் நிறுத்துப் பார்த்துவிடலாம். தண்ணீருக்குள் அது நடக்காது. அதனால் குடலில் செரிக்காத குரோமிக் ஆக்சைடு என்ற பச்சைப் பொடியைத் தீவனத்தில் துளி கலக்கிறோம். ஒரு வாரம் அதையே போட்டால், கழிவு பச்சை நூல் நூலாக விழும். சத்து உடம்பில் சேரச் சேர, கழிவில் பொடியின் பங்கு கூடும். தீவனத்தில் 0.5 சதவீதமாக இருந்த பொடி காய்ந்த கழிவில் 2 சதவீதம் என்றால், தின்றதில் கால் பங்குதான் வெளியே வந்திருக்கிறது. தீவனத்தில் புரதம் 32 சதவீதம், கழிவில் 16 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கில் பாதி, அதாவது 12.5 சதவீதப் புரதம் வீண். மீதி 87.5 செரித்துவிட்டது. ஆக, 32-இல் மீனுக்குக் கிடைத்தது 28.

கணக்கு சுலபம். கழிவைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. முன்பெல்லாம் காலையில் தொட்டியின் அடியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுப்போம். இரவெல்லாம் ஊறிய கழிவிலிருந்து செரிக்காத புரதமும் கரைந்து தண்ணீரோடு போயிருக்கும். அதையும் மீன் செரித்த கணக்கில் சேர்த்துவிட்டோம். எங்கள் தீவனம் அவ்வளவு அழகாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இப்போது தொட்டியின் அடி சரிவாக இருக்கிறது. தண்ணீர் வெளியேறும் வழியில் ஒரு படிவுக் குழாய். கழிவு அதில் இறங்கியதும், உடையாமல் வடித்து உடனே உறைய வைக்கிறோம். கரைவது முழுசாக நின்றுவிடவில்லை, ஆனால் வெகுவாகக் குறைந்திருக்கிறது. மீனின் வயிற்றை மெல்ல அமுக்கியும் எடுக்கலாம். அப்படிச் செய்தால் இன்னும் செரித்து முடியாததும், சளியும் சேர்ந்து வந்து எண்ணைத் தாழ்த்திவிடும்.

அதனால் எங்கள் எண்ணையும் இன்னொருவர் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எந்த மீனில், எப்படிப் பிடித்த கழிவில் அளந்தது என்று கேளுங்கள். எங்களையும் கேளுங்கள்.

அப்புறம், பழைய மூட்டை மிச்சம் இருந்தால் தாராளமாகப் போடலாம். உள்ளே இருப்பது இதே தீவனம்தான். புது எண்ணைப் பார்த்துத் தீவன அளவைக் கூட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தீவனக்காரர்கள்