விழும் பூனையும் நடுமூளையும்

உட்ரெக்ட், நெதர்லாந்து
நவம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல். இங்கே மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது. கால்வாயோரத்து வீடுகளில் பலர் சன்னலுக்குத் திரை போடுவதில்லை. சைக்கிளில் திரும்பும்போது விளக்கொளியில் பூனைகள் அமர்ந்து தெருவைப் பார்ப்பது தெரிகிறது. குளிர் பழகிவிட்டது, மதியம் ஆறிய ரொட்டியைத் தின்பதுதான் இன்னும் பழகவில்லை.

பூனை விழுவதைப் படிக்கவா இவ்வளவு தூரம் போனாய் என்று கேட்டிருந்தீர்கள். விழும் பூனை எப்படித் தன்னை நிமிர்த்திக்கொள்கிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் வாழ்ந்த ஊர் இது. ருடால்ஃப் மாக்னுஸ் 1908-இல் ஜெர்மனியிலிருந்து இங்கே மருந்தியல் பேராசிரியராக வந்தார். உடல் தன் நிலையை எப்படிக் காத்துக்கொள்கிறது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, முடிவுகளை 1924-இல் பெரிய நூலாக வெளியிட்டார்.

முதுகு கீழாக இருக்கும்படி பிடித்து விடப்பட்ட பூனை காலூன்றி இறங்குவதை, 1894-இல் பாரிஸில் மாரே என்ற உடலியல் அறிஞர் தொடர்படங்களாக எடுத்தார். பிடித்துக்கொள்ள ஏதுமில்லாத அந்தரத்தில், கொஞ்சமும் சுழலாமல் விடப்பட்ட உடல் எப்படித் திரும்ப முடியும் என்று அறிஞர்கள் திகைத்துப்போனார்கள். படங்களைக் கூர்ந்து பார்த்தால் விடை கிடைக்கிறது. முதலில் தலை திரும்புகிறது. முன்கால்களை மடக்கிப் பின்கால்களை நீட்டியபடி முன்னுடல் அதைத் தொடர்கிறது. பிறகு முன்கால்கள் நீண்டு, பின்கால்கள் மடங்கி, பின்னுடலும் திரும்பிவிடுகிறது. ஒரு பாதி ஒருபக்கம் அதிகமாகச் சுழலும்போது மறுபாதி எதிர்ப்பக்கம் சிறிதளவே சுழல்வதால், இயற்பியல் விதி எதுவும் மீறப்படுவதில்லை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட அரை நொடிகூட ஆவதில்லை; அதற்குள் இத்தனையும் நடந்து முடிகிறது.

இவ்வளவையும் பூனை யோசித்துச் செய்கிறதா என்பதுதான் என்னை இங்கே இழுத்து வந்த கேள்வி. யோசிப்பதற்கு உரிய பெருமூளைப் புறணியை நீக்கிய பிறகும் விலங்குகள் தம்மை நிமிர்த்திக்கொள்வதை மாக்னுஸ் கண்டார். ஆனால் மூளைத்தண்டின் மேற்பகுதியான நடுமூளைக்குக் குறுக்கே வெட்டினால் நிலைமை மாறிவிடும் என்பது இங்கிலாந்தில் ஷெரிங்டன் என்ற உடலியல் அறிஞர் 1898-இல் விவரித்த பூனைகளிலிருந்து தெரிந்தது: கால்கள் விறைத்து, நிறுத்தினால் நிற்கும், சாய்த்துவிட்டால் எழ முடியாது. ஆக, நிமிர்வதற்கான ஏற்பாடு நடுமூளையைச் சார்ந்தே இருக்கிறது. மாக்னுஸுடன் பணியாற்றிய ராடமேக்கர் அங்குள்ள சிவப்பு உட்கரு என்ற நரம்பணுத் திரளே அதன் இருப்பிடம் என்றார். ஒரே ஓரிடத்தில் அதை அடக்கிவிட முடியாது என்பதே பிற்கால ஆய்வுகளின் போக்கு, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இந்த அறிவுக்காக எத்தனையோ உயிர்கள் பலியாயின என்பதை நினைக்காமல் என்னால் அந்தப் பக்கங்களைப் படிக்க முடியவில்லை, அப்பா.

செய்தி புறப்படுவது உட்செவியில். அங்குள்ள அரைவட்டக் குழாய்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. அருகிலுள்ள இரு பைகளில், கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்த மென்படலம் புவியீர்ப்பையும் சாய்வையும் உணர்கிறது. அந்தச் செய்தி மூளைத்தண்டுக்கும், அங்கிருந்து தண்டுவடம் வழியாகக் கழுத்துத் தசைகளுக்கும் போகிறது. தலை நேரானதும் கழுத்து முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கே உடலைத் திருப்பும் அடுத்த ஆணைக்குக் காரணமாகிறது. கண்ணைக் கட்டினாலும் பூனை திரும்பும். உட்செவி பழுதானால் கண் ஓரளவு ஈடுசெய்யும், ஆனால் பார்வைவழி நிமிர்தலுக்கு மட்டும் பெருமூளைப் புறணி தேவை. பிறந்த குட்டிக்கு இத்திறன் கிடையாது. சில வாரங்கள் கழித்தே கைகூடுகிறது.

மனிதருக்கும் இதில் பங்கு உண்டு. அக்காவின் குழந்தைக்கு இப்போது ஆறு மாதம் ஆகியிருக்குமே, இடுப்பைப் பிடித்துத் தூக்கி மெல்ல ஒருபக்கம் சாய்த்துப் பாருங்கள். உடல் சாய்ந்தாலும் தலை நிமிர்ந்தே நிற்க முயலும். அம்மாவுக்குப் படுக்கையில் புரளும்போது தலை சுற்றுவதாக எழுதியிருந்தீர்கள். நான் சொன்ன அந்தத் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போவதாலும் இப்படி வரலாம். அதுதான் காரணமென்றால், தலையை முறையாகச் சாய்த்துத் திருப்பியே அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் சிகிச்சை இருக்கிறது. தள்ளிப்போடாமல் இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்