சரணாலயத்தில் துப்பாக்கிச் சத்தம்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கலிபோர்னியாவின் சேக்ரமெண்டோ தேசிய வனவிலங்குப் புகலிடம் பற்றிய பயணக் கட்டுரை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அங்கே வேட்டையும் நடக்கும் என்பதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லையே! தெரியாமல் போய் விழித்த குடும்பம் எங்களுடையது, அதனால்தான் எழுதுகிறேன்.

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரை அழைத்துக்கொண்டு போனோம். ஐ-5 நெடுஞ்சாலையில் வில்லோஸ் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. 6 மைல் சுற்றுப்பாதை. ஒன்றிரண்டு இடங்கள் தவிர காரைவிட்டு இறங்கக் கூடாது. ஆள் நடந்தால் பறந்துவிடும் பறவைகள், காரைப் பொருட்படுத்துவதே இல்லை. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே மேய்ந்தன. "இது நம்ம கண்மாய்க்கும் வருமேம்மா" என்று மாமா குழந்தை மாதிரி குதூகலித்தார்.

அப்போதுதான் தூரத்தில் டப், டப் என்று சத்தம். நீரில் கிடந்த வெள்ளை வாத்துக் கூட்டம் மொத்தமாக எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி எங்கள் பக்கமே வந்து இறங்கியது. மாமாவுக்குச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பக்கம். "பறவை பயந்துடும்னு எங்க பக்கம் தீபாவளிக்கே வெடி போடமாட்டாங்க. இங்க சரணாலயத்துக்குள்ளயே சுடுறாங்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பதில் வாகன நிறுத்துமிடத்தில் கிடைத்தது. முழங்காலுக்கு மேல் சேறு அப்பிய ஒரு வயதான வேட்டைக்காரர், மாமா முறைத்துப் பார்ப்பதைக் கண்டு தானாகவே வந்து பேசினார். பையிலிருந்து ஒரு ஸ்டாம்பை எடுத்துக் காட்டினார். வாத்துப் படம், அதன் குறுக்கே பேனாவில் அவர் கையெழுத்து. இதுதான் அமெரிக்க மத்திய அரசு விற்கும் வேட்டை முத்திரை, 'டக் ஸ்டாம்ப்'. 16 வயது நிறைந்த யாரும் இது இல்லாமல் அமெரிக்காவில் வாத்து சுட முடியாது. 1934-இல் 1 டாலருக்குத் தொடங்கியது, இப்போது 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நீர்நிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் பழைய நீர்நிலங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் வயலாகவும் ஊராகவும் மாறிவிட்டன. மிச்சமிருப்பதைக் காப்பாற்றியதில் இந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

வேட்டைக்கும் கட்டுப்பாடுகள் ஏராளம். அதற்கென்று ஒதுக்கிய பகுதியில் மட்டும்தான். இடம் கிடைப்பதே குலுக்கலில். ஆளுக்கு 25 தோட்டாதான் உள்ளே கொண்டுபோகலாம். வாத்து வேட்டைக்கு ஈய ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) 1991 முதல் நாடு முழுக்கத் தடை. தண்ணீருக்கடியில் கிடக்கும் ஈயத்தை வாத்துகள் விழுங்கிச் செத்ததால் வந்த தடை அது. வெளியே வரும்போது எத்தனை சுட்டார்கள் என்று எண்ணிக் கணக்கு எழுதிக்கொள்கிறார்கள்.

எனக்கு வேட்டை பிடிக்காது, இத்தனையும் கேட்ட பிறகும் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. ஆயிரக்கணக்கான டாலருக்குக் கேமராவும் லென்ஸும் வாங்கும் நாம் இந்த நிலத்துக்கு என்ன கொடுத்தோம்? டக் ஸ்டாம்பை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், சுட வேண்டும் என்று கட்டாயமில்லை. நுழைவுக் கட்டணம் உள்ள தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் அதுவே அனுமதிச் சீட்டும்கூட. நான் அன்றைக்கே ஒன்று வாங்கிவிட்டேன்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போட்டால் தயவுசெய்து நாட்களையும் சேர்த்துப் போடுங்கள். அக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி இறுதி வரை, புதன், சனி, ஞாயிறு அங்கே வேட்டை நாட்கள். சத்தம் வேண்டாம் என்றால் மற்ற நாட்களில் போகலாம். சுற்றுப்பாதையில் ஆபத்து ஒன்றுமில்லை. மாநில அரசின் வனவிலங்கு நிலங்கள் கதை வேறு. பல இடங்களில் வேட்டைக்காரர் நடக்கும் தடத்தில்தான் நாமும் நடக்க வேண்டும். அங்கே போகிறவர்கள் விதிகளைப் படித்துவிட்டு, பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலங்கியோடு போவது நல்லது.

அப்புறம், ஜூனில் ஊருக்குக் கிளம்பும்போது, அந்த மாதம் 30-ஆம் தேதியோடு காலாவதியாகும் என் ஸ்டாம்பை மாமா கேட்டு வாங்கித் தன் டைரிக்குள் வைத்துக்கொண்டார். "இருந்தாலும் சுடுறது சுடுறதுதானேம்மா" என்பதை மட்டும் விமான நிலையம் வரை விடவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஃபோல்சம், கலிபோர்னியா