பாஸ் மட்டும் குடுத்து அனுப்பாதீங்க – ஐரோப்பா டூர் போடுற ஏஜென்ட்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, மதுரை, திருச்சின்னு எல்லா ஊர்லயும் ஐரோப்பா பேக்கேஜ் போடுற டிராவல் ஏஜென்ட் நண்பர்களுக்கு வணக்கம்.

நான் பாரிஸ்ல குடியிருக்கேன். ஏப்ரல், மே வந்துட்டா ஊர்லருந்து யாராவது வந்துக்கிட்டே இருப்பாங்க, சொந்தக்காரங்க, ஃப்ரெண்டோட அப்பா அம்மா, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு. எல்லார் கையிலயும் நீங்க குடுத்த ஒரு ஃபைல் இருக்கும், அதுல ஃப்ளைட் டிக்கெட், ஹோட்டல் வவுச்சர், இன்சூரன்ஸ், கடைசியா ஒரு மியூசியம் பாஸ், அதாவது பல இடங்களுக்கும் சேத்து ஒரே டிக்கெட். "இது இருந்தா போதும்பா, எங்க வேணா நேரா உள்ள போயிரலாமாம், ஏஜென்ட் சொன்னாரு"ன்னு சந்தோஷமா காட்டுவாங்க. அந்த ஒரு வரியைப் பத்தித்தான் உங்ககிட்ட பேசணும்.

போன சீசன்ல ஒரு பெரிய மியூசியம் வாசல்ல நடந்தது, எந்த மியூசியம், எந்த ஏஜென்ட்னு இங்க சொல்லல, ஏன்னா இது ஒருத்தரோட பிரச்சனை இல்ல. என் ஃப்ரெண்டோட அப்பா அம்மா, ரெண்டு பேருமே ரிட்டயர் ஆனவங்க, தஞ்சாவூர் பக்கம். கையில பாஸ் இருக்கு. வாசல்ல நிக்கிற ஆள் ரிசர்வேஷன் எங்கன்னு கேக்குறாரு, அப்பா பாஸைக் காட்டுறாரு, அவர் தலையாட்டிட்டு மறுபடியும் ரிசர்வேஷன்ங்கிறாரு, அப்பா மறுபடியும் அதே பேப்பரைக் காட்டுறாரு. நான் போன்ல பாத்தா அடுத்த ஸ்லாட், அதாவது உள்ள போக முன்கூட்டியே புக் பண்ற நேரம், நாளான்னைக்கு, இவங்களுக்கு ஃப்ளைட் நாளைக்கு. அப்பா அந்தப் பேப்பரை நாலா மடிச்சு சட்டைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு, "பரவால்லப்பா, வெளியிலருந்து பாத்துட்டோம்ல"ன்னாரு. அம்மா ஒண்ணும் சொல்லல, மத்தவங்க உள்ள போறதையே பாத்துக்கிட்டு நின்னாங்க. சேத்து வச்ச காசுல வந்தவங்க அவங்க, இன்னொரு தடவ வருவாங்களான்னு யாருக்கும் தெரியாது.

உங்களுக்கு ஈஸியா புரியுற மாதிரி சொல்லணும்னா, ஸ்லாட் இல்லாத பாஸ்ங்கறது பொங்கல் நேரத்துல கையில இருக்குற அன்ரிசர்வ்ட் டிக்கெட் மாதிரி. காசு கட்டியாச்சு, ஆனா உக்கார இடம் உறுதி இல்ல. பாஸ்ங்கறது காசு கட்டுன அத்தாட்சி மட்டும்தான், நம்மள உள்ள விடுறது ஸ்லாட்தான்.

பாரிஸ் மியூசியம் பாஸையே எடுத்துக்குவோம். 50க்கு மேல இடங்கள் அதுல வருது, நல்ல பாஸ், அதை நான் குறை சொல்லல. 48, 96, 144 மணி நேரம்னு மூணு வகை. ஆனா லூவ்ர் மியூசியம், வெர்சாய் அரண்மனை, சந்த் ஷப்பெல் சர்ச், ஓராஞ்சரி மியூசியம் மாதிரி கூட்டம் அள்ளுற இடங்களுக்கு பாஸ் இருந்தாலும் தனியா நேரம் புக் பண்ணனும். அதுக்கு காசு கிடையாது, பாஸ் வச்சிருக்கவங்களுக்குன்னு அந்தந்த இடத்தோட வெப்சைட்லயே ஆப்ஷன் இருக்கும், தேதியும் நேரமும் செலக்ட் பண்ணா மெயில்ல வந்துரும். உங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணோ பையனோ உக்காந்தா ஒரு ஃபேமிலிக்கு டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிரலாம். இதை 65 வயசுக்காரங்க பாரிஸ் வந்து இறங்குனப்புறம் ஹோட்டல் வைஃபைல, பாஷை தெரியாம, தடவிக்கிட்டு இருக்கணுமா?

ஏன் இந்த ஸ்லாட்டுன்னும் தெரிஞ்சுக்கோங்க, அப்பதான் கஸ்டமர்கிட்ட சொல்ல முடியும். லூவ்ருக்கு 2024ல கிட்டத்தட்ட 87 லட்சம் பேர் வந்திருக்காங்க. ஒரு நாளைக்கு 30,000 பேருக்கு மேல வேணாம்னு அவங்களே ஒரு அளவு வச்சிருக்காங்க. 2025 ஜூன்ல கூட்டம் தாங்க முடியலன்னு அங்க வேலை பாக்குறவங்களே திடீர்னு வேலையை நிறுத்த, டிக்கெட் வச்சிருந்த ஜனமெல்லாம் வெளிய காத்துக் கிடந்தாங்க. இந்த நிலைமையில வாசல்ல போய் பேசிப் பாத்துக்கலாம்னு யாரையும் நம்ப வைக்காதீங்க.

அடுத்தது காசு விஷயம். 2026 ஜனவரியிலருந்து ஐரோப்பிய பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலருந்து வர்றவங்களுக்கு லூவ்ர் டிக்கெட் 22 யூரோவிலருந்து 32 யூரோ ஆயிருச்சு. நம்ம ஆளுங்க எல்லாரும் அந்தக் கணக்குலதான் வருவாங்க. அதனால பெரியவங்களுக்கு பாஸ் வாங்குறதுல இப்ப முன்னைவிட அர்த்தம் இருக்கு, நீங்க விக்கிறது தப்பே இல்ல. ஆனா 18 வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைங்களுக்கு லூவ்ர், ஓர்சே மியூசியம், வெர்சாய், சந்த் ஷப்பெல் எல்லாமே ஃப்ரீ, எந்த நாட்டுப் பிள்ளைங்களா இருந்தாலும் ஃப்ரீ. ப்ளஸ் டூ படிக்கிற பையனுக்கும் எட்டாவது படிக்கிற பொண்ணுக்கும் சேத்து நாலு பாஸ்னு பில் போட்ட ஃபைலை நான் கண்ணால பாத்திருக்கேன். அந்த அப்பா மாசச் சம்பளக்காரரு. பிள்ளைங்களுக்கு பாஸ் வேணாம், ஆனா லூவ்ர் மாதிரி ஸ்லாட் கேக்குற இடங்களுக்கு அவங்க பேர்லயும் ஜீரோ யூரோ ஸ்லாட் எடுக்கணும், பாஸ்போர்ட்டைக் கையில வச்சிருக்கணும், அவ்வளவுதான். இதை நீங்களே சொன்னீங்கன்னா அந்தக் குடும்பம் வாழ்நாள் முழுக்க உங்ககிட்டயேதான் டிக்கெட் போடும்.

லீவு நாள் பாக்காம போடுற ப்ளான் இன்னொரு கொடுமை. லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓராஞ்சரியும் செவ்வாய் லீவு. ஓர்சேவும் வெர்சாயும் திங்கக்கிழமை லீவு. லூவ்ர் மூடுற செவ்வாய்க்கிழமை பூரா ஜனமும் வெர்சாய்க்குத்தான் ஓடும், அன்னைக்குப் போய் மாட்டாம இருக்குறது உத்தமம். இன்னொண்ணு, ஏப்ரல்லருந்து அக்டோபர் வரைக்கும் வெர்சாய்ல ஃபவுண்டன் ஷோ நடக்குற நாள்ல தோட்டத்துக்கு தனி டிக்கெட், பாஸ்ல அது வராது. ஈஃபில் டவர் எந்த நாள்லயும் பாஸ்ல கிடையாது. மெட்ரோவும் கிடையாது. இதெல்லாம் வவுச்சர்ல ஒரு ஓரமாவாவது எழுதி இருக்கலாம்ல?

மணிக்கணக்கு எப்படி ஓடுதுன்னும் யாரும் சொல்றதில்ல. 48 மணி நேர பாஸ்னா ரெண்டு நாள்னு எழுதிட்டு காலையில 9 மணிக்கே ஆரம்பிச்சு விட்டுடுறீங்க. அது முதல் இடத்துல உள்ள போற நிமிஷத்துலருந்துதான் ஓட ஆரம்பிக்கும். அதனால மத்தியானம் ஆரம்பிச்சா மூணு நாளா விரிச்சுக்கலாம். இப்ப புதன்கிழமை 2 மணிக்கு ஓராஞ்சரில ஆரம்பிக்கிறோம்னு வச்சுக்கோங்க, மோனே வரைஞ்ச அல்லிக்குளம் ஓவியங்கள் ரெண்டு முட்டை வடிவ ரூம்ல சுவத்தைச் சுத்தி இருக்கும், நடுவுல உக்கார பெஞ்ச் இருக்கு, வயசானவங்களுக்கு நல்ல ஆரம்பம். அங்கருந்து துய்லரி தோட்டம் வழியா மெதுவா நடந்தா லூவ்ர். புதனும் வெள்ளியும் அது ராத்திரி 9 வரைக்கும் திறந்திருக்கும், ஆறு மணி ஸ்லாட் போட்டா கொஞ்சம் மூச்சு விடலாம். வியாழன் முழுக்க வெர்சாய், வேற எதுவும் வேணாம். வெள்ளி காலையில 9 மணிக்கு சந்த் ஷப்பெல், பக்கத்துலயே கான்சியர்ஜரி, முடிச்சிட்டு சாப்பாடு. கால் வீங்காம, ஓடாம, பாஸ் காசுக்கும் குறைவில்லாம முடிஞ்சிரும்.

ஓட்டம்னு சொன்னதும் மனசுல இருக்குறதைச் சொல்லிடுறேன். பாஸ்ல 50 இடம் இருக்குன்னு ஒரு நாளைக்கு ஆறு இடம் போட்டுக் குடுக்குறீங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது. என் அத்தைய சந்த் ஷப்பெல் கூட்டிட்டுப் போயிருந்தேன். அது இருக்குறது கோர்ட் வளாகத்துக்குள்ள, அதனால ஏர்போர்ட் மாதிரி செக்கிங், கண்ணாடி பாட்டில், கத்தரிக்கோல் எதுவும் விடமாட்டாங்க. கீழ ஒரு தாழ்வான மண்டபம், அங்கருந்து ஒரு ஆள் மட்டும் ஏறுற அளவு சுருள் படிக்கட்டு, முழங்கால் வலியோட கைப்பிடியைப் புடிச்சுப் புடிச்சு ஏறுனாங்க. மேல போனா சுவரே இல்ல, 15 மீட்டர் உயரத்துக்கு 15 கண்ணாடி ஜன்னல், நீலமும் சிவப்புமா, பைபிள் கதை 1,113 காட்சியா அதுல இருக்கு. ஒன்பதாம் லூயி ராஜா இயேசுவோட முள்கிரீடத்தை வைக்கிறதுக்காக கட்டுனது, 1248ல திறந்தது. அத்தை ஓரமா இருந்த நாற்காலில உக்காந்துட்டாங்க, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு ஒவ்வொரு ஜன்னலா பாத்துட்டு வர்றாங்க, வெயில் நகர நகர அவங்க புடவை மேல கலர் மாறுது. அப்ப மாமா ஃபைலைத் திறந்து, "அடுத்தது 11 மணிக்கு பாந்தியோன், அப்புறம் ஆர்க், ஏஜென்ட் சொல்லிருக்காரு, இதெல்லாம் பாத்தாதான் பாஸ் காசு தேறும்"னாரு. அத்தை எழுந்திரிச்சிட்டாங்க. அந்த ஆர்க் த ட்ரியோம்ப் வளைவு மேல போக 284 படி, அத்தை கீழயே உக்காந்திருந்தாங்க. அவங்களுக்கு அன்னைக்குப் பாரிஸ்ல வேணும்னு இருந்தது அந்த நாற்காலி மட்டும்தான், அதை நாம குடுக்கல.

பாஸ் காசு தேறணும்ங்கற கணக்கை கஸ்டமர் மண்டையில ஏத்தாதீங்க, தயவுசெஞ்சு. பெரிய இடங்களா மூணு நாலு நல்லா பாத்தாலே 48 மணி நேர பாஸ் காசு பெரும்பாலும் சமமாயிரும். அதுக்கு மேல பாஸோட உண்மையான வசதி என்னன்னா, தனியா டிக்கெட் எடுத்து யாரும் போகாத சின்ன இடங்களுக்கு அரை மணி நேரம் எட்டிப் பாத்துட்டு வரலாம். கீமே மியூசியம் இருக்கு, ஆசியக் கலைக்குன்னே உள்ள இடம், பாஸ்ல வருது. அங்க சோழர் காலத்து நடராஜர் வெண்கலச் சிலை இருக்கு. லூவ்ர் கூட்டத்துல இடிபட்டு வந்த நம்ம ஊர்க்காரங்களை அங்க கூட்டிட்டுப் போனா அப்படியே நின்னுடுறாங்க, இது எப்படி இங்க வந்துச்சுன்னு கேக்குறாங்க, கோபப்படுறாங்க, கும்பிடுறாங்க. எந்த பேக்கேஜ் லிஸ்ட்லயும் இந்தப் பேரை நான் பாத்ததில்ல. அடுத்த தடவ போடுங்க, செவ்வாய்க்கிழமை மட்டும் வேணாம், அன்னைக்கு லீவு.

மத்த ஊருக்கும் இதே கதைதான், பேரு மட்டும் மாறும். ரோமா பாஸ்ல 48 மணி நேரத்துக்கு முதல் ஒரு இடம் ஃப்ரீ, 72 மணி நேரத்துக்கு முதல் ரெண்டு இடம் ஃப்ரீ, அப்புறம் தள்ளுபடிதான். பஸ், மெட்ரோ அதுல சேரும். அதை வச்சுக்கிட்டு கொலோசியத்துக்கு புக் பண்ணாம போனா வாசல்லதான் நிக்கணும், வாடிகன் மியூசியம் அந்த பாஸ்லயே கிடையாது. ஆம்ஸ்டர்டாம் சிட்டி கார்டுல ஆன் ஃபிராங்க் வீடு வராது, அதுக்கு ஆன்லைன்ல மட்டும்தான் டிக்கெட், ஆறு வாரம் முன்னாடியே செவ்வாய்க்கிழமை ரிலீஸ் பண்ணுவாங்க, சீக்கிரமே தீந்துரும். பார்சிலோனாவுல ஆர்ட்டிகெட்னு ஒண்ணு, ஆறு கலை மியூசியம், 12 மாசம் செல்லும், மணிக்கணக்கே இல்ல, பெரியவங்களுக்கு அந்த மாதிரி பாஸ்தான் நிம்மதி. ஆனா அதுலயும் பிக்காசோ மியூசியத்துக்கு நேரம் புக் பண்ணியே ஆகணும்.

இன்னொண்ணு, ஃப்ரீயா இருக்குறதை "இன்க்ளூடட்"னு போடுறதை நிறுத்துங்க. நோத்ர தாம் சர்ச் 2024 டிசம்பர்ல திரும்பத் திறந்தாச்சு, உள்ள போக காசே கிடையாது, முன்பதிவு கூட கட்டாயம் இல்ல, அதுவும் ஃப்ரீதான். சாக்ரே கேர் சர்ச்சும் அப்படித்தான். இதை காசு வாங்கி தர்ற மாதிரி லிஸ்ட்ல போட்டா, இங்க வந்து தெரிஞ்சப்புறம் அவங்களுக்கு உங்க மேல இருக்குற நம்பிக்கை போயிரும்.

நீங்க செய்ற வேலை சின்ன வேலை இல்லன்னு எனக்குத் தெரியும். விசாவுக்கு பேப்பர் சேக்குறதுலருந்து சைவ சாப்பாடு எங்க கிடைக்கும்னு சொல்றது வரைக்கும் பாத்துப் பாத்து பண்றீங்க, நீங்க இல்லன்னா எங்க ஊர் பெரியவங்க பாதிப் பேர் ஃப்ளைட்டே ஏறியிருக்க மாட்டாங்க. அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன். பாஸ் விக்கும்போதே எந்த நாள், எந்த நேரம்னு ஸ்லாட் எடுத்துருங்க, அதை பாஸோட சேத்து பின் பண்ணி, பெரிய எழுத்துல தமிழ்ல எழுதிக் குடுங்க. ஸ்லாட் கிடைக்கலன்னா அதையும் ஊர்லயே சொல்லிடுங்க, அவங்க தேதியை மாத்திக்குவாங்க இல்ல பாஸே வேணாம்பாங்க, ரெண்டுமே அவங்க முடிவா இருக்கட்டும். ஒரு நாளைக்கு ரெண்டு இடத்துக்கு மேல 60 தாண்டுனவங்களுக்குப் போடாதீங்க.

அடுத்த ஏப்ரல் பேட்ச்சுக்கு இப்பவே ஆள் சேத்துக்கிட்டு இருப்பீங்க. அவங்க ஃபைலை மூடுறதுக்கு முன்னாடி லூவ்ர் ஸ்லாட் அதுல இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க.

அன்போட,
பாரிஸ்லருந்து ஒரு தமிழன்