துணியின் எடையையும் லேபிளில் அச்சிடலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக்குத் துணி எடுப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, நிறத்தையும் தள்ளுபடியையும் விரிவாக எடுத்துரைத்தது. எடுக்கும் துணி எத்தனை சலவைக்குத் தாங்கும் என்பதை மட்டும் தொடவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் செக்கிங் பிரிவில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் பேரனுக்கு 399 ரூபாயில் ஒரு டி-ஷர்ட் வாங்கினேன். கடையில் தொட்டபோது வெண்ணெய்போல் வழுக்கிய துணி, மூன்றாவது சலவையில் சொரசொரத்து, பக்கவாட்டுத் தையலும் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து நின்றது. துணி தயாரிப்பின் கடைசிக் கட்டத்தில் ஏற்றும் சிலிக்கான் சாஃப்ட்னர் தருகிற அந்த மென்மையை நம்பி நானே ஏமாந்தேன். அன்று மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்பதுதான் வீட்டாரிடம் நான் சொன்ன சமாதானம்.

பார்க்க வேண்டியவை வேறு. கழுத்து ரிப்பை, அதாவது கழுத்தைச் சுற்றித் தைக்கும் இழுபடும் பட்டையை, இரு விரலால் இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். உட்புறம் தோள் தையலின் மீது டேப் வைத்துத் தைத்திருந்தால் தோள் இழுபடாது. குட்டை இழைகளைச் சீவி நீக்கிய கோம்டு நூலில் பின்னிய துணியில் உருண்டைப் பிசிறு குறைவாகவே எழும்.

ஆனால் துணியின் எடையைக் கையால் தொட்டு அறிவது எங்களுக்கே கடினம். கம்பெனியில் வட்ட கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டித் தராசில் வைப்போம், 1.8 கிராம் இருந்தால் அது 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம். தினமும் போட்டு உழைக்கும் டி-ஷர்ட்டுக்கு அந்த எடை பொருத்தம். 130, 140 என்றால் வெயிலுக்கு இதம், ஆனால் சீக்கிரம் நைந்துவிடும். இரண்டில் எது வேண்டும் என்பதை வாங்குபவர்தான் முடிவு செய்ய வேண்டும். லேபிளிலோ அளவும், '100 சதவீதம் காட்டன்' என்பதும், துவைக்கும் முறையும் இருக்கின்றனவே தவிர, எடையைக் காணோம்.

ஏற்றுமதி ஆர்டர்களில் ஜிஎஸ்எம் எழுதப்படுகிறது. சரக்கில் அது குறைந்தால் சரக்கை வாங்கும் பையர் கேள்வி கேட்கிறார். உள்ளூர்ச் சரக்கின் லேபிளிலும் ஜிஎஸ்எம், நூல் கோம்டா, குட்டை இழைகளை அப்படி நீக்காத கார்டடா என்ற இரண்டையும் அச்சிட உற்பத்தியாளர்கள் முன்வர வேண்டும், அரசும் அதைக் கட்டாயமாக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே அச்சாகும் லேபிளில் கூடுதலாக ஒரு வரிதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்.