சிரட்டையை வைத்துப் புயலைக் காட்டியவருக்கும் மற்றவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

என் முதல் நாவல் அச்சாகி வந்துவிட்டது. 13, 14 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதிய கடல் கதை. 1964 டிசம்பரில் வெங்காயமும் வத்தலும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய் விரிக்கிறது ஒரு தோணி. அதில் சமையல் வேலைக்குச் சேர்ந்தவன் சூசை. வழியில் புயல் பிடித்துக்கொள்கிறது.

நான் கோவில்பட்டிக்காரி, கரிசல் மண்ணில் வளர்ந்தவள். பனிமய மாதா திருவிழாவுக்குப் போகும்போது கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. இந்தப் புத்தகத்தில் இருக்கும் கடல் நான் கேட்டு வாங்கியது. கொடுத்தவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்றார்கள். அதனால் முறை சொல்லியே எழுதுகிறேன்.

முதலில் தண்டல் தாத்தா. தண்டல் என்றால் தோணியின் தலைவர். 1964இல் அவரும் சூசை மாதிரி தோணியில் சோறு பொங்கிய பையன்தான். பிறகு பல வருஷம் தண்டலாகத் தோணி ஓட்டினார். கண் மங்கிவிட்டதால் பேத்திதான் என் கையெழுத்துப் பிரதியை வாசித்துக் காட்டினாள். புயல் அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே அவளை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்: "எம்மா, காத்து எங்கயிருந்து அடிக்கி?"

கிழக்கே இருந்து என்றேன். வங்கக்கடலில் இருந்து வந்த புயல்தானே? பாய் கிழிய, தோணி மேற்கே தள்ளப்பட்டு இராமேஸ்வரம் பக்கம் ஒதுங்குவதாக மீதிக் கதை முழுவதையும் எழுதி வைத்திருந்தேன்.

அவர் எழுந்து மணலுக்குப் போனார். ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்து, "இதான் புயலு" என்றார். கொஞ்சம் தள்ளி ஒரு சிப்பியை ஊன்றி, "இது உன் தோணி." பிறகு சிரட்டையைச் சுற்றி விரலால் இடப்பக்கமாக வட்டம் போட்டுக்கொண்டே அதை மேற்கே நகர்த்தினார். சிரட்டை கிழக்கே இருக்கும்போது சிப்பிக்கு வாடை, அதாவது வடக்கேயிருந்து வரும் காற்று. நேர் வடக்கே வந்ததும் கச்சான், மேற்கேயிருந்து வரும் காற்று. வடமேற்கே தாண்டியதும் சோழகம், தெற்கேயிருந்து வரும் காற்று. "புயல் வார திசை வேற, காத்து வார திசை வேற. தனுஷ்கோடிக்குத் தெக்க நிக்கிற தோணிய அது சிலோனுக்குத்தாம்மா தள்ளும்."

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. தனுஷ்கோடி அழிந்ததும், 22ஆம் தேதி இரவு அலை ரயிலை அடித்துக்கொண்டு போனதும் தமிழ்நாட்டில் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. அதே இரவில் அந்த மணல்திட்டுக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவில் காற்று எப்படித் திரும்பியிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. பதினோரு அத்தியாயங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். சூசையின் தோணி இப்போது இலங்கையின் மேற்கே இருக்கும் கற்பிட்டிக் கரைக்குப் போகிறது. தாத்தா, அந்தச் சிப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் மேசையில்தான் இருக்கிறது.

அடுத்து, தோணி கட்டும் ஓடாவி அண்ணன். தோணியின் அடிமரமான ஏரா எது, விலா எலும்பு மாதிரி இருக்கும் வங்கு எது என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஒரு மத்தியானம் முழுக்க அவர் கலப்பத்து அடிப்பதை, அதாவது தண்ணீர் கசியாமல் பலகை இடுக்குகளை அடைப்பதை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பஞ்சைத் திரியாக உருட்டிப் பலகை இடுக்கில் வைத்து உளியால் இறக்குகிறார். ஒவ்வொரு அடிக்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. பஞ்சு இறுகிவிட்டதைக் காதுதான் சொல்கிறது. "கையில பாத்தா தெரியாதுக்கா" என்றார். தோணிக்குள் தண்ணீர் கசிவதைச் சூசை இருட்டில் காதால் கண்டுபிடிப்பது அந்த மத்தியானத்தில் கிடைத்தது.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் முதல் அத்தியாயத்தைக் காப்பாற்றினார். கப்பல்கள் வரிசையாகத் துறையில் அணைந்து நிற்பதாக எழுதியிருந்தேன். 1974இல் புதிய துறைமுகம் வரும்வரை பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி ஆழத்தில் நங்கூரம் போடும், சரக்கைத் தோணிகள்தான் ஏற்றி இறக்கும் என்று பொறுமையாக விளக்கினார். இன்னொரு விஷயமும் சொன்னார்: கொழும்பு நேர்கோட்டில் சுமார் 150 கடல் மைல்தான், ஆனால் பாய்த்தோணிக்குக் காற்றுதான் நாள் குறிக்கும். அதற்குப் பிறகு கதையில் எத்தனை மணிநேரம் என்று வந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டேன்.

என் 9ஆம் வகுப்புப் பிள்ளைகளே, உங்களுக்குத் தனியாக. நகல் எடுத்த தாள்களை மதிய இடைவேளையில் கைமாற்றி மாற்றிப் படித்தீர்கள். தமிழில் இந்த வயதுக்குக் கதை எழுதினால் யார் படிப்பார்கள் என்று ஒரு பதிப்பாளர் என்னைத் திருப்பி அனுப்பியிருந்த நேரம் அது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "மிஸ், ரெண்டு நாளா கடல்ல கெடக்கான், அவனுக்குத் தாகமே எடுக்கலியா?" என்று கேட்டாள். அலையை எழுதினேன், இடியை எழுதினேன், பிள்ளையின் தொண்டையை மறந்துவிட்டேன். அந்தக் கேள்வி ஒரு முழு அத்தியாயமாகிவிட்டது. தண்ணீர்ப் பீப்பாய் உடைந்த பிறகு பாயில் தேங்கும் மழைநீரைக் குடிக்கிறார்கள். அலையடித்த பாய் என்பதால் முதலில் தேங்கியது உப்புக் கரிக்கும். அதைக் கொட்டிவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டும். இந்த விவரமும் தண்டல் தாத்தா சொன்னதுதான். ஆனால் அவரிடம் போய்க் கேட்க வைத்தவள் அவள்.

கற்பிட்டி நண்பருக்கு. முகம் பார்க்காமலே ஒன்றரை வருஷம் தொலைபேசியில் பேசியிருக்கிறோம். தலவில அன்னம்மாள் கோயில் கரையிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் தென்னை, எந்தப் பக்கம் வெறும் மணல் என்று கேட்டபோதெல்லாம் சலிக்காமல் சொன்னார். சூசை கரையில் விழுந்து கிடக்கும்போது வலைக்காரர் ஒருவர் ஓடி வந்து "யார் நீ?" என்று கேட்பதாக எழுதியிருந்தேன். "கடல்ல இருந்து வந்த பிள்ளையிட்ட ஒருத்தரும் பேர் கேக்க மாட்டம். முதல்ல தண்ணி குடுப்பம்" என்றார். அந்த ஒரு வரியை மாற்றினேன். எனக்குப் புத்தகத்தில் மிகப் பிடித்த இடம் இன்று அதுதான்.

என் பிழைகளைச் சிவப்பு மையில் குறித்துத் தந்த பதிப்பாசிரியருக்கும், விடிகாலை எழுத உட்காரும்போது காபி போட்டுத் தந்த அம்மாவுக்கும், சனிக்கிழமை தோறும் என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட என் வீட்டுக்காரருக்கும் நன்றி.

முதல் பிரதியைத் தண்டல் தாத்தா கையில் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேத்தியிடம் நீட்டினார். தினமும் விளக்கு வைத்த பிறகு ஒரு அத்தியாயம் வாசிக்கிறாளாம். நாளைக்குப் புயல் வந்துவிடும் என்று நேற்றுப் போனில் சொன்னாள்.